சீனி உருண்டைகள் கற்பித்த பாடம்

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்தில் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன் ஒரு பகுதி. நோய் தீர்ப்பவன் ஒரு பகுதி. மருந்து ஒரு பகுதி. அருகிருந்து பேணுபவன் ஒரு பகுதி. வகுப்பறையில் ஆண்டுதோறும் இதனைக் கற்பித்து வந்தோம். நான்கினையும் கரும்பலகையில் எழுதி, மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்லி, தேர்வில் வினாவாகவும் கேட்டிருக்கின்றோம். ஆயினும் அந்த நான்கினுள் ஒன்று இல்லாதபோதும் மற்ற மூன்றும் சேர்ந்து ஒரு மருத்துவம் போலவே தோற்றம் தரக்கூடும் என்பதை, எம் குடும்பத்தில் ஒரு துன்பம் நேர்ந்த பின்னரே உணர்ந்தோம். அதனை மறையாது எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணை மருத்துவர்

எம் அன்னையாரை ஒற்றைத் தலைவலி பல்லாண்டு வாட்டியது. வெயில் ஏறும் வேளையில் நெற்றியின் ஒரு பக்கம் தெறிக்கத் தொடங்கும், பின்னர் வாந்தி, அதன்பின் இருட்டறையில் ஈரத் துணியை நெற்றியிலிட்டுப் படுத்திருத்தல். வாரத்தில் ஒரு நாளேனும் எம் வீட்டு அடுப்பு எரியாது. பார்க்காத வைத்தியமில்லை, தடவாத தைலமில்லை.

1996-ஆம் ஆண்டில் உறவினர் ஒருவர், பக்கத்துத் தெருவில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் எம்மை அழைத்துச் சென்றார். அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். தாமே நூல்களைப் பயின்று, மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஹோமியோபதி மருந்து வழங்கி வந்தார். ஒரு மரப்பெட்டி, அதில் வரிசையாகச் சிறு புட்டிகள், ஒரு நீளக் கணக்கேடு. அவ்வளவே அவருடைய மருத்துவமனை. கட்டணம் என எவரிடமும் அவர் கேட்டதில்லை.

அன்று அவர் எம் அன்னையாரிடம் பேசியது ஒரு மணி நேரத்திற்கும் மேல் இருக்கும். "தலைவலி எத்தனை மணிக்குத் தொடங்கும், அம்மா? உப்பு மிகுதியாக விரும்புவீர்களா? துயரம் வந்தால் பிறர் பார்க்க அழுவீர்களா, தனியே அழுவீர்களா? யாரேனும் ஆறுதல் சொன்னால் பிடிக்குமா, எரிச்சல் வருமா?" இவ்வாறு அவர் ஒவ்வொன்றாய்க் கேட்கக் கேட்க, எம் அன்னையார் எங்களிடமும் சொல்லியிராத செய்திகளைச் சொல்லிக்கொண்டே போனார். இறுதியில் பெரியவர் ஏட்டில் 'நேட்ரம் மூர் 30' என்றெழுதி, கடுகளவே பெரிய வெண்ணிறச் சீனி உருண்டைகளைச் சிறு புட்டியில் இட்டுத் தந்தார். கையால் தொடாமல் மூடியில் கொட்டி நாவிலிட வேண்டும்; காப்பி கூடாது.

மூன்று திங்களில் தலைவலி குறைந்தது. ஓராண்டில் ஏறத்தாழ நின்றேவிட்டது. அன்னையார் முகத்தில் ஒளி வந்தது. எம் உள்ளத்திலும் ஓர் உறுதி வந்தது. அவ்வுறுதியே பின்னர் எமக்குப் பகையாயிற்று.

எம் நாவால் வந்த தீங்கு

தமிழாசிரியருக்குச் சொல்வளம் ஒரு செல்வம். சில நேரங்களில் அது மற்றவர்க்குச் சுமையாகவும் முடியும். எம் அன்னையார் நலம் பெற்ற கதையை நாம் சொல்லாத இடமில்லை. திருமண வீடுகளிலும், ஆசிரியர் ஓய்வறையிலும், பயணங்களிலும் சொன்னோம். கேட்டவர் தலையசைத்தனர். சிலர் பெரியவரின் முகவரியைக் குறித்துக்கொண்டனர்.

எம் தமையனார் கடைத்தெருவில் துணிக்கடை நடத்தி வந்தார். நீரிழிவு நோய்க்கு நாள்தோறும் மாத்திரை உண்பவர். 2008-ஆம் ஆண்டில் ஒரு நாள், "எத்தனை காலத்துக்கு இந்த மாத்திரை, தம்பி?" என அவர் சலித்துக்கொண்டபோது, நாம் வழக்கமான உற்சாகத்துடன், "அண்ணன், அம்மாவின் தலைவலியையே வேரறுத்த மருந்து இருக்கையில் உங்களுக்கென்ன கவலை?" என்றோம். அவர் பெரியவரிடம் சென்றார். பெரியவர் உருண்டைகளைத் தந்ததோடு, "நீங்கள் உண்ணும் ஆங்கில மருந்தை நிறுத்த வேண்டாம்" என்றும் சொல்லியனுப்பினார். இதனை நாம் இங்கே வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம், பிழை அவருடையதன்று. தமையனார் பெரியவர் சொல்லை விட்டு, தம்பியின் சொல்லைப் பற்றிக்கொண்டார். மாத்திரையை நிறுத்தினார். எவரிடமும் சொல்லவில்லை.

ஐந்து திங்கள் கழிந்தன. புதுச் செருப்பு கடித்து வலக்காலில் ஒரு சிறு புண். உணர்ச்சி மரத்த கால் ஆதலின் வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் பொருட்படுத்தவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது இரு விரல்கள் கறுத்திருந்தன. அவற்றை நீக்கினால்தான் காலைக் காக்க முடியும் என்றனர். நீக்கினர்.

அறுவை முடிந்த மறுநாள் அவர் கட்டிலருகே நின்றோம். கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, "படித்தவன் நீ. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், தம்பி" என்றார். அச்சொல் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை.

உப்பும் பனிநீரும்

அதன்பின்னரே நாம் செய்திருக்க வேண்டிய முதற்பணியைச் செய்யத் தொடங்கினோம். புகழ்ந்த பொருளைப் பற்றிப் படித்தோம்.

ஹோமியோபதியைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் செர்மானிய நாட்டு மருத்துவர். 1755-இல் பிறந்து 1843-இல் மறைந்தவர். அவர் காலத்து மருத்துவம் கொடுமையானது. நோயாளியின் குருதியை வடிப்பர், பாதரசம் புகட்டுவர், பேதியால் வாட்டுவர். அதனை வெறுத்து, மொழிபெயர்ப்பால் வாழ்க்கை நடத்தியவர் அவர். 1790-இல் கல்லன் என்பாரின் மருந்து நூலை மொழிபெயர்க்கையில், சின்கோனா மரப்பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். மலேரியாக் காய்ச்சல் போன்ற குறிகள் தம்மிடம் தோன்றக் கண்டார். நலமுள்ளவரிடம் எந்தக் குறியைப் பொருள் தோற்றுவிக்கிறதோ, அக்குறியுடைய நோயை அதுவே தீர்க்கும் என்னும் கொள்கை இவ்வாறு பிறந்தது. 1810-இல் 'ஆர்கனான்' என்னும் நூல் வெளிவந்தது. சின்கோனாப் பட்டையிலுள்ள குயினைன் மலேரியாக் கிருமியையே தாக்குகிறது என்பதைப் பிற்கால அறிவியல் கண்டது. ஆயினும் நோயாளியை வதைக்காத மருத்துவம் வேண்டும் என்ற ஹானிமனின் வேட்கையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குருதி வடிக்கும் மருத்துவரிடம் செல்வதினும் சீனி உருண்டை தருபவரிடம் செல்வது அக்காலத்தில் உயிருக்குப் பாதுகாப்பாகவே இருந்திருக்கும்.

எம் கல்லூரியின் வேதியியல் பேராசிரியரிடம் 'நேட்ரம் மூர் 30' பற்றி வினவினோம். அவர் நகைத்து, "அது நம் வீட்டுச் சமையல் உப்பு, ஐயா" என்றார். 30 என்பது என்னவென்று ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு பங்கு பொருளை நூறு பங்காக நீர்க்கச் செய்து குலுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மீண்டும் நூறு பங்காக்க வேண்டும். இவ்வாறு 30 முறை. முடிவில் 1-க்குப் பின் 60 சுழியங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கே உப்பு. பன்னிரண்டாம் படியைக் கடக்கும்போதே மூல உப்பின் ஒரு துகளேனும் எஞ்சியிருக்கும் வாய்ப்பு அருகிவிடுகிறது. முப்பதாம் படியில் ஒரே ஒரு துகளைப் பெற வேண்டுமாயின், பூமியின் எடையைப் போல் பல நூறு கோடி மடங்கு நீரைப் பருகியாக வேண்டும். மூலக்கூறுகளின் எண்ணிக்கையை லோஷ்மிட் என்னும் அறிஞர் முதன்முதலாக மதிப்பிட வழிகண்டது 1865-இல். ஹானிமன் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின் அமைந்த அறிவு இது; அவர் மீது குற்றமில்லை. குறைந்த வீரியமுள்ள மருந்துகளில் மூலப்பொருள் எஞ்சியிருக்கும் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகின்றோம். எம் அன்னையார் உண்ட உருண்டையில் எஞ்சியது சீனி மட்டுமே.

'துகள் இல்லையேல் என்ன, பயன் இருந்தால் போதுமே' என வாதிடலாம். அதனையும் சோதித்தவர் உளர். 1835-ஆம் ஆண்டு செர்மனியின் நியூரம்பர்க் நகரில் நடந்த சோதனையைப் படித்தபோது வியந்தோம். ஹோவன் என்னும் நகர மருத்துவ அலுவலர் ஹோமியோபதியை இகழ்ந்தெழுத, ராய்ட்டர் என்னும் ஹோமியோபதி மருத்துவர், இதே உப்பின் இதே முப்பதாம் வீரியத்தை உண்டு பாருங்கள் என அறைகூவல் விடுத்தார். நகர மக்கள் ஒரு விடுதியில் கூடினர். எண்ணிட்ட 100 புட்டிகளைக் கலைத்து இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியில் வெறும் வடித்த பனிநீர். மறு பகுதியில் உப்பின் முப்பதாம் வீரியம். எப்புட்டியில் எது என்னும் பட்டியலை உறையிலிட்டு மூடினர். உண்டவருக்கும் தெரியாது; வழங்கியவருக்கும் தெரியாது. முடிவில் 50 பேர் தம் அனுபவத்தைத் தெரிவித்தனர். அவருள் 42 பேர் ஒரு மாறுதலும் இல்லை என்றனர். மாறுதல் கண்ட எண்மருள் ஐவர் மருந்துண்டவர். மூவர் பனிநீர் உண்டவர். மருந்தறியாத எளிய மக்கள் ஒரு மாலைப் பொழுதில் அமைத்த இச்சோதனை, இன்றைய ஆய்வு முறையின் முன்னோடி அன்றோ?

153 ஆண்டுகள் கழித்து, 1988-இல், பிரெஞ்சு அறிஞர் ழாக் பென்வெனிஸ்த் உலகை வியப்பிலாழ்த்தினார். துகளே எஞ்சாத அளவு நீர்க்கச் செய்த கரைசலும் குருதி அணுக்களில் மாறுதலைத் தோற்றுவிக்கிறது என அவருடைய குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதினர். சோதனையை நேரில் காண்பதற்கு இசைந்தால் வெளியிடுவோம் என்ற உடன்பாட்டில் அதனை வெளியிட்ட இதழாசிரியர் ஜான் மேடக்ஸ், வால்ட்டர் ஸ்டூவர்ட், செப்பிடு வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி ஆகியோருடன் அவ்வாய்வகத்திற்குச் சென்றார். எக்குழாயில் எது என்னும் குறியீட்டை உறையிலிட்டு ஆய்வகத்தின் கூரையில் ஒட்டி வைத்தனர். உறை பிரிக்கப்பட்டபோது அவ்வியப்பு எஞ்சவில்லை. ஆய்வாளர் பொய்யர் என்பதன்று இதன் பொருள். எதிர்பார்ப்புடன் நோக்கும் கண், எதிர்பார்த்ததையே காணும் என்பதே பொருள்.

பின்னர் வந்த பேராய்வுகளையும் சுருங்கச் சொல்லி அமைவோம். 2005-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு, ஹோமியோபதிச் சோதனைகள் 110-ஐயும், அவற்றுக்கு இணையாக நவீன மருத்துவச் சோதனைகள் 110-ஐயும் ஒப்பிட்டது. பெரியனவும் செம்மையாக நடத்தப்பெற்றனவுமான சோதனைகளை மட்டும் தனியே நோக்கியபோது, ஹோமியோபதியின் பயன் வெற்று மருந்தின் பயனோடு ஒத்திருந்தது. 2015-இல் ஆசுத்திரேலிய நாட்டின் தேசிய உடல்நல மருத்துவ ஆய்வு மன்றம், நம்பத்தக்க சான்றுடன் ஹோமியோபதி தீர்க்கும் என்று கூறத்தக்க நோய் ஒன்றும் இல்லை என அறிவித்தது. நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அதற்கு மாற்றாக 2020-இல் வந்த சட்டத்தாலும் ஏற்பளிக்கப்பெற்ற மருத்துவமுறை இது. ஆயிரக்கணக்கானோர் முறையாகப் பயின்று தொழில் புரிகின்றனர். அவர்தம் உழைப்பைப் பழிப்பது எம் நோக்கமன்று. சட்டத்தின் ஏற்பு வேறு. ஆய்வின் சான்று வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கியது எம் பிழை.

அன்னையார் நலம் பெற்றது எவ்வாறு?

அங்ஙனமாயின் எம் அன்னையாரின் தலைவலி தீர்ந்தது பொய்யா? பொய்யன்று. 1996-இல் அவருக்கு அகவை 52. மாதவிலக்கு நின்ற பின் பெண்டிர் பலருக்கு ஒற்றைத் தலைவலி தானே தணிவது மருத்துவர் அறிந்த செய்தி. நோய் மிக முற்றிய வேளையில்தான் எவரும் புது மருத்துவரைத் தேடிச் செல்வர். முற்றிய நோய் சற்றே இறங்குவதும் இயல்பு. இறங்கும் வேளையில் கையிலிருந்த மருந்து புகழைப் பெறுகிறது. இவற்றோடு, பல்லாண்டு எவரும் கேளாத ஒரு பெண்ணின் துயரத்தை ஒருவர் ஒரு மணி நேரம் செவிகொடுத்துக் கேட்டார். அக்கேள்வியும் ஒரு பயன் தந்திருக்கும்.

வள்ளுவர் வகுத்த நான்கினை இங்கே வைத்து எண்ணினோம். நோயாளியிடம் நம்பிக்கை இருந்தது. மருத்துவரிடம் அன்பும் பொறுமையும் இருந்தன. பேணுவோராகிய நாமும் அருகிருந்தோம். மூன்று பகுதியும் நிறைவாக இருந்தமையால் நான்காவதாகிய மருந்து வெறுமையாக இருந்தது எம் கண்ணுக்குத் தெரியவில்லை. தலைவலிக்கு மூன்றே போதியதாயிற்று. நீரிழிவுக்குப் போதவில்லை. மருந்தை மற்ற மூன்றினின்றும் பிரித்துத் தனியே நிறுத்தி, 'உனக்கென உள்ள வலிமை யாது?' எனக் கேட்பதே ஆய்வு. இரு குழுவினருக்கும் ஒரே அன்பு, ஒரே பேணல், ஒரே நம்பிக்கை. மருந்து மட்டுமே வேறு. அப்போதுதான் உண்மை வெளிப்படும்.

மூச்சை நோக்கிய நாட்கள்

விரல்களை இழந்த தமையனார் வலியாலும் அச்சத்தாலும் தளர்ந்திருந்தார். மருத்துவமனையின் மனநல ஆலோசகர் ஒருவர், ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என வழங்கும் மனவிழிப்புப் பயிற்சியை அவருக்குக் கற்பித்தார். அமைதியாக அமர்தல், மூச்சு வருவதையும் போவதையும் நோக்குதல், எண்ணம் அலைந்தால் கடியாது மீட்டுக் கொணர்தல். ஒருமுறை ஏமாந்த நாம், இம்முறை புகழ்வதற்கு முன் படித்தோம்.

பௌத்தத் தியான மரபிலிருந்து இப்பயிற்சியை எடுத்து, சமயச் சார்பின்றி எட்டு வாரப் பாடமாக வகுத்தவர் ஜான் கபாட்-சின். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். ஈண்டு ஆய்வாளர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. உப்புநீருக்குப் பனிநீரை மாற்றாக வைக்கலாம்; தியானத்திற்கு எதனை மாற்றாக வைப்பது? பயில்பவன் தான் பயில்வதை அறியாதிருக்க இயலாதே! எனவே அதே அளவு நேரமும் அதே அளவு பரிவும் தரும் வேறொரு வகுப்பை ஒப்பீட்டுக்கு வைக்கின்றனர். இவ்வாறு நடந்த 47 சோதனைகளை, 3,515 பேரை உள்ளடக்கியவற்றை, 2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் தொகுத்து நோக்கினர். மனக்கலக்கம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் சிறிதளவு நற்பயன் இருப்பதற்கு ஓரளவு சான்று கிட்டியது. மருந்து, உடற்பயிற்சி முதலியவற்றினும் இது சிறந்தது என்பதற்குச் சான்றில்லை. 2022-இல் இங்கிலாந்தில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடையே நடத்திய பேராய்வில், வழக்கமான பாடத்தினும் இது மேலான பயன் எதையும் தரவில்லை. ஆக, ஓரிடத்தில் உதவுவது ஓரிடத்தில் உதவாது. அளவறிந்து கொள்வார்க்கு இது நற்றுணை. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்பார் கூற்று மிகை. தமையனார் இன்றும் வைகறையில் மூச்சை நோக்கி அமர்கின்றார். அமர்ந்து எழுந்ததும் நீரிழிவு மாத்திரையை உண்கின்றார்.

மரபும் சோதனையும்

ஆய்வு என்பது மரபுக்குப் பகை என்று எண்ணுவார்க்குச் சர்ப்பகந்தியின் கதையைச் சொல்ல விரும்புகின்றோம். மனக்கொதிப்புக்கும் உறக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியரும் யூனானி ஹக்கீம்களும் நெடுங்காலம் வழங்கிய வேர் அது. தில்லியில் திப்பிய்யாக் கல்லூரியை வளர்த்த ஹக்கீம் அஜ்மல்கான், தம் மருத்துவத்தை வேதியியலின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க அஞ்சவில்லை. அவருடைய ஊக்கத்தால் அங்கே ஆய்வு மேற்கொண்ட சலீமுஸ்ஸமான் சித்திக்கீ, 1931-இல் அவ்வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 1927-இல் மறைந்துவிட்ட அப்பெருமகனாரின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் குருதியழுத்தமுடைய 50 நோயாளிகளிடம் அவ்வேரின் பயனைக் கண்டு பிரித்தானிய இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதே வேரிலிருந்து 'ரிசர்பின்' பிரிக்கப்பெற்றது. மிகுதியாக உண்டோரிடம் மனச்சோர்வு காணப்பட்டதையும் ஆய்வே எடுத்துரைக்க, அதன் பயன்பாடு பின்னர் குறைந்தது. பயனைச் சொன்னதும் ஆய்வு. தீங்கைச் சொன்னதும் ஆய்வு.

ஒப்பிட்டுப் பார்க்கும் இம்முறை மேலைநாட்டார் மட்டும் கண்டதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாரசீக மருத்துவர் அல்-ராஸி, மூளைக் காய்ச்சலின் குறியுடையாருள் ஒரு பிரிவினருக்குக் குருதி வடித்தும், மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே வடியாது விட்டும் நோக்கியதாகத் தம் குறிப்பில் எழுதியுள்ளார். குருதி வடித்தல் நன்று என்னும் அவர் முடிவை இன்று எவரும் ஏற்பதில்லை. எனினும் ஒரு பிரிவை ஒப்பீட்டுக்கு விட்டுவைக்க வேண்டும் என்னும் அவர் சிந்தனை இன்றும் நிலைத்து நிற்கிறது.

திண்ணைப் பெரியவர் 2013-இல் காலமானார். அவருடைய மரப்பெட்டியை நினைக்குந்தோறும் எமக்கு மதிப்பே தோன்றுகிறது. அன்னையாரிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னோம்: "அம்மா, அவர் உங்களுக்குக் கொடுத்தது நம் வீட்டு உப்பு, அதுவும் அந்த உருண்டையில் இல்லை." அன்னையார் சிரித்தார். "இருக்கட்டும். அவர் கேட்டதுபோல் வேறு யாரும் என்னைக் கேட்டதில்லை" என்றார். நவீன மருத்துவமனைகளில் மருந்து இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் இல்லை. அக்குறையையும் நாம் மறுப்பதற்கில்லை.

இன்றும் எவரேனும் வந்து, "உங்கள் தாயாருக்குக் குணமானதாமே, எந்த மருந்து?" எனக் கேட்பதுண்டு. முன்போல் நாம் கதை சொல்வதில்லை. "எமக்குத் தெரிந்தது ஒருவருக்கு நேர்ந்தது மட்டுமே. உண்டு வரும் மருந்தை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள்" என்கின்றோம். சுவையற்ற பேச்சுதான். கேட்டவர் பலர் ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர். அப்போதெல்லாம் கடைவாயிலில் சற்றே சாய்ந்து நடந்துவரும் எம் தமையனாரின் கால் எம் கண்முன் நிற்கிறது.